நிலவுக் கவிஞனுக்கு ஒரு திதி

ரமணனின் வள்ளம் ஆளில்லாமல் மிதந்து வந்த செய்தி வந்தபோது அவனுடைய கவிதைப் புத்தகம் எங்கள் மெசினில் இருந்தது. கவர் அடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கடைசிப் போமுக்கு, அதாவது ஒரே தாளில் சேர்த்து அடிக்கிற கடைசிப் பக்கங்களுக்கு, மட்டும் பிளேற் போடவேண்டும். முதலாளி மெசினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

யாழ்ப்பாண நகரில் ஒரு அச்சகத்தில் புறூவ் பார்த்துப் பிழை திருத்துவதும் லேஅவுட் செய்வதும் என் வேலை. இதிலேயே தலை நரைத்துவிட்டது. எங்களிடம் அதிகம் வருவது கவிதைத் தொகுதியும் கல்வெட்டும்தான். கல்வெட்டென்றதும் உளியைத் தேடாதீர்கள். செத்தவருக்காக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கிற சிறிய புத்தகத்துக்கு இங்கே அந்தப் பெயர். முதல் பக்கத்தில் படம், அதன் கீழே திதி வெண்பா. எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று அந்த வெண்பா சொல்லும். வருடா வருடம் திவசம் செய்ய அதுதான் ஆதாரம். ஆகவே எங்கள் அச்சகத்தில் நிலவு இரண்டு இடத்தில் வரும். கவிதையில் அது கவிஞரின் இஷ்டம். வெண்பாவில் அது வானத்தில் இருந்தபடி இருக்கவேண்டும்.

நிலவில் போட்ட வாடி

ரமணன் மயிலிட்டிக் கடற்றொழிலாளி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் நாள் கையெழுத்துப் பிரதியோடு வந்தபோது நான் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நிலவை விட்டால் உமக்கு எழுத ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன். நிலவுக் கவிதை என்றால் எனக்கு அலர்ஜி. இந்த ஊரில் அண்ணாந்து பாராமலே நிலவைப் பாடுகிறவர்கள் எத்தனை பேர் என்று என் கண்ணாடிக்குத் தெரியும்.

அவன் கோபிக்கவில்லை. "அக்கா, நிலவு காலத்திலை மீனுக்கு வலை தெரிஞ்சிடும். கிட்ட வராது. நான் கடலுக்குப் போறேல்லை. சும்மா வீட்டிலை இருக்கேக்கைதானே கற்பனை வரும்," என்றான்.

வாசித்துப் பார்த்தேன். ஒரு கவிதையில், கடற்கரையில் மீனவர் போடுகிற கொட்டில் மாதிரி, நிலவில் வாடி போட்டு அங்கே கருவாடு காயவைக்கிறான். மணம் பூமிக்கு வருகிறது. பூனைகள் எல்லாம் இரவு முழுக்க மேலே பார்த்துக்கொண்டு இருக்கின்றன. சிரித்துவிட்டேன். இன்னொன்றில் நிலவிலும் கடல் இருக்கிறது, அந்தக் கடலில் ஒருவரும் தாழ்ந்து சாவதில்லை. அதை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

அணிந்துரை எழுதியவர் ஒரு விரிவுரையாளர். அணிந்துரைகளை நான் நித்திரைக் குளிசை என்றுதான் சொல்லுவேன். இது அப்படியல்ல. நவீன கவிதையில் நிலவு பெண்ணின் முகமாக இருப்பதை விட்டுக் கற்பனையின் குறியீடாகிவிட்டது என்று எழுதியிருந்தார். தன் வெளிச்சம் இல்லாமலே, வாங்கிய வெளிச்சத்தில், தெரிந்த உலகைத் தெரியாத உலகமாக்கிக் காட்டுவதால் அப்படியாம். ரமணன் அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினான்.

அப்பா ஒன்று, மனைவி ஒன்று

வள்ளம் கிடைத்து மூன்றாவது வாரம் அவனுடைய அப்பா வந்தார். கடற்படை தேடியது, ஊர் தேடியது, உடல் இல்லை. கதிரையில் இருக்கமாட்டேன் என்று நின்றபடியே கதைத்தார்.

"பிள்ளை, அவனுக்கு ஒரு கல்வெட்டு அடிக்கவேணும். கீரிமலையிலை காரியம் செய்யப்போறம். திதி ஒண்டு இல்லாட்டில் ஆண்டுத் திவசத்தை எந்த நாளிலை செய்யிறது? அவன் பசியோடை அலைவான்."

வெண்பா எழுதத் தன் ஊர் வாத்தியார் ஒருவரிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

அடுத்த நாள் தர்சினி எனக்குப் போன் எடுத்தாள். அவள்தான் மனைவி. "அக்கா, கல்வெட்டு அடிக்காதேங்கோ. எஞ்சின் பழுதாகி இந்தியாப் பக்கம் ஒதுங்கினவை எத்தினை பேர் திரும்பி வந்திருக்கினம். அவர் வந்து தன்ரை கல்வெட்டை வாசிக்கிறதோ?"

வள்ளமே திரும்பி வந்துவிட்டது, பிறகு எதில் ஒதுங்குவது என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேரும் அவனுக்காகத்தான் அழுதார்கள். ஒருவருக்கு அவன் பசி கிடக்கக் கூடாது. மற்றவளுக்கு அவன் சாகக் கூடாது. கல்வெட்டு வந்தால் அவள் வீட்டு வாசலில் சாவு வந்துவிடும். தகப்பனிடம் ஒப்புக்கொண்ட வேலை என்று முதலாளி அதை நிறுத்தவில்லை.

பூரணை

வாத்தியாரின் வெண்பா வந்தது. நல்ல வெண்பா. திதி என்று வருகிற இடத்தில் பூரணை, அதாவது முழுநிலவு நாள், என்று இருந்தது. வெண்பாவில் நாங்கள் கை வைப்பதில்லை, எழுதியவரே பொறுப்பு. படத்தோடு வைத்துப் புறூவ் எடுத்தேன். அப்பா பார்க்க வந்திருந்தார். அவர் வந்த கையோடு தர்சினியும் வந்துவிட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, உங்களுக்கு மனம் வந்ததோ?" என்று கேட்டுக்கொண்டே மேசையில் கிடந்த புறூவை எடுத்தாள். கிழிக்கத்தான் எடுத்தாள். கிழிக்க முதல் கண் வெண்பாவில் விழுந்துவிட்டது.

"பூரணையோ? ஆர் இதை எழுதினது?"

அப்பா தரையைப் பார்த்தார். "வாத்தியார் நாளைக் கேட்டவர். எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. நீங்களே ஒண்டைப் போடுங்கோ எண்டிட்டன். நிலவைப் பாடின பிள்ளை, பூரணையிலை போனதா இருக்கட்டும் எண்டவர்."

தர்சினிக்கு முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பூரணையிலை அவர் வீட்டிலை, மாமா! பூரணையிலை அவர் என்னோடை முற்றத்திலை இருந்தவர். அந்த நாளை என்னத்துக்கு இதுக்குள்ளை போடுறியள்? அக்கா, வெட்டுங்கோ. அமாவாசைக்கு ரெண்டு நாள் கிடந்தது. கும்மிருட்டு. ரோச் லைற் பிடிச்சுக்கொண்டு நான்தான் கரைமட்டும் போனனான்."

நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். தேய்பிறைத் திரயோதசி. பேனையால் பூரணையை வெட்டிப் பக்கத்தில் எழுதினேன்.

"எழுதிப்போட்டியளோ?"

"ஓம், பிள்ளை."

அவள் கோபம் இறங்கி மூச்சு விட்டாள். பிறகு நான் எழுதியதைப் பார்த்தாள். மாமா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவதைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா," என்றாள். "நானே சொல்லிப்போட்டன்."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நான் போய்ப் பிடித்தேன். மெசின் பெடியள் சத்தம் கேட்டு வந்து நின்றார்கள். அழுகையை நிறுத்த நான் முயலவில்லை. அவள் தன் கணவனை வேறொருவரின் கற்பனையிலிருந்து மீட்டெடுத்தாள். அதற்கு அவனுடைய சாவைத் தன் வாயாலே சொல்லவேண்டி வந்தது. இதைவிடக் கொடுமையான திருத்தத்தை நான் ஒரு புறூவிலும் செய்ததில்லை.

கல்வெட்டு அந்தியேட்டிக்கு முன் போனது. கவிதைப் புத்தகத்தின் கடைசிப் போமை எதுவும் மாற்றாமல் அடித்தோம். அவள் கேட்டது அது ஒன்றுதான். வெண்பாவைத் திருத்தித் தரும்படி கேட்டபோது வாத்தியார் தளை தட்டும் என்றார். தட்டட்டும் என்றேன்.

இப்போது எங்களிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். கவிஞர் நிலவை எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும், நீங்கள் எழுத்துப் பிழையை மட்டும் பாருங்கள். ஆனால் கல்வெட்டுக்குத் திதி கேட்கும்போது, அந்த ஆளோடு வாழ்ந்தவரிடம் கேளுங்கள். உடல் கிடைக்காத வீட்டில் அந்த நாளைச் சொல்கிறவர் சொல்லி முடிக்கிற நேரத்தில்தான் விதவையாகிறார், அல்லது பிள்ளையை இழந்தவர் ஆகிறார். முதலில் அவரைக் கதிரையில் இருத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள்.