நிறுத்தச் சொன்னால் நிற்கும் அலறல்

டப்பிங் கூடத்தில் அவளுக்கு அலறல் அக்கா என்றுதான் பெயர். வந்தது வரவேற்பு மேசையில் உட்காரும் வேலைக்கு. ஒருநாள் ஒலிப்பதிவு அறையில் கரப்பான்பூச்சியைப் பார்த்து அவள் போட்ட கத்தல் தவறிப்போய்ப் பதிவாகிவிட, இயக்குநர் அதையே படத்தில் வைத்துக்கொண்டார். அன்றோடு வரவேற்பு மேசைக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

பன்னிரண்டு வருடமாக, திரையில் எந்தப் பெண் மாடிப்படியில் உருண்டாலும், எவள் கழுத்தை எவன் நெரித்தாலும் அக்காவுக்குத்தான் போன் போகும். நடித்தவளுக்குக் கண்ணை உருட்டத் தெரியும். அடிவயிற்றிலிருந்து கத்தத் தெரியாது. அக்கா வருவாள், வளையலையும் செருப்பையும் கழற்றி வெளியே வைப்பாள், இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைக் முன்னால் நிற்பாள். இரண்டே டேக்கில் கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். பிறகு வெந்நீர் குடித்துவிட்டு, வழியில் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

இந்தத் தொழிலில் ஒரு பாதியை எட்டு வயது மகளிடம் மறைத்தே வைத்திருந்தாள். பிள்ளைக்குத் தெரிந்த அம்மா, கார்ட்டூனில் வரும் குண்டு வாத்துக்குக் குரல் கொடுக்கிற அம்மா. அலறலைப் பழக வேண்டியிருந்தால், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பழகுவாள். பயந்துவிடப் போகிறதே என்ற நல்லெண்ணம்தான். அதுவே பின்னால் காலை வாரிவிட்டது.

ஒரு வாரமாகப் பிள்ளையின் போக்கு சரியில்லை. தலை பின்னும்போது திரும்பித் திரும்பி அம்மாவின் கையைப் பார்க்கும், கழுத்தைத் தடவும். அவள் கணவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும், ஆனால் கார்ட்டூன் வாத்து அழுதால் கூடவே அழுகிற ஆள். அவன் வேலை முடிந்து வந்து சமையலறைக்குள் நுழைந்தால், பிள்ளை ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொள்ளும். தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொள்ளும். நான் என்ன பாவம் செய்தேன் என்று அவன் மனைவியிடம் புலம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது சடை பாதியில் இருக்கும்போது விஷயம் வெளியே வந்தது.

"அப்பா உன்னை எப்போம்மா அடிப்பாரு? நான் ஸ்கூலுக்குப் போனப்புறமா?"

வேறொருத்தியாக இருந்தால், எந்தக் கழுதை உனக்கு இதையெல்லாம் சொன்னது என்று எகிறியிருப்பாள். அக்கா மிச்சப் பின்னலையும் போட்டு முடித்தாள். முடித்த பிறகுதான், உனக்கு ஏன் கண்ணு அப்படித் தோன்றுகிறது என்று கேட்டாள். அந்தப் பொறுமைக்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. போன வாரம் பிள்ளையைப் பெரியப்பா வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். அங்கே பெரியப்பா மகன், காலேஜ் படிக்கிற அண்ணன், குளிக்கப் போன நேரம், அவன் போனில் ஒரு படம் பாதியில் நின்றிருந்தது. பிள்ளை அதைத் தட்டி ஓடவிட்டது. பெரியவர்களே எழுந்து போய்விடுகிற மாதிரிப் படம். ஒருவன் கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டு தன் மனைவியை அடிக்கிறான், அடிக்கிறான், அடித்துக்கொண்டே இருக்கிறான். முகம் யாரோ. குரல் அம்மாவுடையது.

அந்த டேக் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அது அம்மாவின் வேலை, சும்மா கத்தியது, அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை என்று எடுத்துச் சொன்னாள். பிள்ளை தலையை ஆட்டியது, நம்பவில்லை. அந்தப் படத்தில் அடிபட்டவள் தன் மகளிடம், ஒன்றுமில்லை, அம்மா வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்வாள். அலறலோடு சேர்த்து அந்த வசனத்தையும் இதே அம்மாதான் இதே குரலில் பேசியிருந்தாள். இனி வாயால் எதைச் சொன்னாலும் எடுபடாது.

கணவனுக்குத் தெரிந்ததும் கொதித்துப்போனான். என் அண்ணன் மகனின் போனை உடைப்பேன், வீட்டு டிவியைத் தூக்கி எறிவேன், இனி அந்த வாசலையே மிதிக்கமாட்டேன் என்று குதித்தான். குதித்து ஓயட்டும் என்று காத்திருந்தாள்.

"போனை உடைச்சா போன் போகும். அவ காதுல இருக்கற என் குரலை யாரு எடுக்கறது? அதை நான்தான் எடுக்கணும்."

அண்ணன் மகனிடமும் அவளே போனாள். சண்டை போடவில்லை. பிள்ளை எதைப் பார்த்தது என்று சொல்லிவிட்டு, அதில் கத்துவது உன் சித்திதான் என்றாள். அவன் முகம் செத்துப்போயிற்று. போனுக்குப் பூட்டுப் போடச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

அடுத்து, சவுண்ட் இன்ஜினியரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி கேட்டாள். அவர் பெரிய சிடுமூஞ்சி. குழந்தைகளைக் கண்டாலே ஹெட்போனை மாட்டிக்கொள்வார். விஷயத்தைக் கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டார். திரை இருட்டாகவே இருக்க வேண்டும், அந்தப் படத்தில் ஒரு நொடிகூட ஓடக்கூடாது என்று மட்டும் அவள் கண்டிப்பாகச் சொன்னாள்.

பிள்ளையை இன்ஜினியர் நாற்காலியில் உட்காரவைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் அறை. இந்தப் பக்கம் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கிப் பேசினால் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்.

"அம்மா உள்ள போய் அந்தப் படத்துல கத்தின மாதிரியே கத்துவேன். நீ இதை அமுக்கி நிறுத்துன்னு சொல்லு, உடனே நிறுத்திடுவேன். பிடிக்கலைன்னா எழுந்து வெளிய போயிடலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

வளையலைக் கழற்றினாள், துண்டைக் கட்டினாள், கத்தினாள். பிள்ளையின் முகம் வெளுத்தது. விரல் பாய்ந்து பொத்தானை அமுக்கியது. சொல்லி முடிப்பதற்குள் அலறல் பட்டென்று நின்றது. அம்மா ஒரு வாய் வெந்நீர் குடித்து, மூக்கைச் சொறிந்துகொண்டாள். மறுபடி கத்தினாள், மறுபடி நின்றாள். ஐந்தாவது தடவை பிள்ளைக்குத் தைரியம் வந்து, இப்போது வாத்து என்று உத்தரவு போட்டது. செத்துக்கொண்டிருந்தவள் அடுத்த நொடியே வாத்தானாள். சிடுமூஞ்சி இன்ஜினியர் சிரித்ததை அந்தக் கூடம் அன்றுதான் பார்த்தது.

பிறகு பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டு, பின்னால் சுவரோடு ஒட்டி நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தது.

"நீ உள்ள போப்பா. அம்மா பக்கத்துல நில்லு."

போனான். அவ்வளவு பெரிய கையில் வெந்நீர் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி நின்றான். அவள் கத்தினாள். இந்தத் தடவை பொத்தான் அமுங்கவில்லை. முழு அலறலையும் பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்த்துக் கேட்டது. முடிந்ததும் அவன் மூடியில் வெந்நீர் ஊற்றி மனைவியிடம் நீட்டினான். அவன் கண்தான் நிறைந்திருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் பிள்ளையின் குரல் வந்தது.

"அம்மா, நான் அதை ரெண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தேன். அண்ணன் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள. நீதானான்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

அவன் வாயைத் திறந்தான். அவள் உதட்டில் விரலை வைத்தாள்; டேக் போகும்போது பேசாதே என்பதற்கு அங்கே அதுதான் சைகை. மூடிக்கொண்டான். அவள் மைக்குக்குக் கிட்டே போனாள்.

"சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு கண்ணு. இன்னும் ஏதாவது இருக்கா?"

இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் வந்து கதவைத் தட்டும்வரை பிள்ளை பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.