நிறுத்தக் கூடாத வண்டி

அந்த வண்டியை நான் முதலில் பார்த்தபோது அது ஓர் இறக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பெருந்துறைக்கு வெளியே, ஒரு தோட்டத்து வீட்டு வாசலில். வெள்ளை என்று சொல்லலாம், மோரின் வெள்ளை. முகம் சாலையைப் பார்த்தபடி, கொஞ்சம் முன்னால் குனிந்து நின்றது. அந்தக் குனிவைப் பணிவு என்று நினைத்துக்கொண்டேன். எதையும் வேறொன்றாகப் பார்க்கிற வியாதி எனக்கு அப்போதே இருந்தது. கவிதை வரிகள் எழுதுகிறவனுக்கு அது உதவும். பழைய கார் வாங்கப் போகிறவனுக்கு உதவாது.

வண்டியின் சொந்தக்காரர் வாசலுக்கே வந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. வண்டி எங்கீங்க ஓடிப்போகுது? மொதல்ல உக்காருங்க."

காப்பி வந்தது. ஒப்புட்டு வந்தது. போதும் என்றால் அந்த வீட்டம்மாவின் முகம் வாடியது. இன்னொன்று சாப்பிட்டேன். ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு, அவருடைய வண்டியின் பானெட்டைத் திறந்து காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? சாப்பாட்டில் கல் இருக்கிறதா என்று துழாவுவதைப் போல இருக்காதா? நான் கேட்கவில்லை. அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து கைப்பிரேக்கை விட்டார். வண்டி உருண்டது, ஒரு தும்மல் தும்மியது, கிளம்பிவிட்டது. சாவி திருகியதால் கிளம்பியதா, உருண்டதால் கிளம்பியதா என்று நான் கவனிக்கவில்லை. வேப்பமரத்தின் நிழல் அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வண்டியாட்டமே வெச்சிருந்தனுங்க" என்றார். அவருடைய வண்டிதானே. ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை அவர். பின்சீட்டில் மடித்துக் கிடந்த பவானி ஜமுக்காளத்தையும், "இருக்கட்டுமுங்க" என்று கூடவே கொடுத்துவிட்டார்.

அந்த ஜமுக்காளத்தின் மேல்தான் என் மனைவி காலை நீட்டிக்கொண்டு போய் வந்தாள்.

கார் வாங்கியதே அவளுக்காகத்தான். அந்த ஜனவரியில், துடியலூரில், என் ஸ்கூட்டர் மணலில் சறுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழே, இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டியவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். நம்பி உட்கார்ந்து வந்தவளால் எழ முடியவில்லை. அவளை அள்ளித் தன் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, பம்புகளுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்துகொண்டிருந்தவர். நான் அவரை அண்ணா என்பேன்.

மனைவி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் படுத்திருந்த மாதங்களில் அவள் இடத்துக்கு இன்னொரு பெண்ணை எடுத்திருந்தார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது மாவுக்கட்டு போய்க் கைத்தடி வந்திருந்தது. பஸ் படி மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைமை ஆசிரியை வேறொன்று சொல்லியிருந்தார். இரண்டாவது மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை அவர் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு வருகிறவரின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம். மூன்றாவது வட்டம் விழுந்தால் அந்தப் புதுப் பெண்ணே நிரந்தரம்.

இதெல்லாம் வண்டிக்குத் தெரியாது.

வந்த மறுநாளே அது தன்னைக் காட்டிவிட்டது. சாவியைத் திருகினால், இரும்பை இரும்பு பிறாண்டுகிற சத்தம். வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் அடியில் படுத்து எதையோ தட்டித் தட்டிப் பார்த்தார். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"இஞ்சின் பல்சக்கரத்துல நாலு பல்லு தேஞ்சுபோச்சுங்ணா" என்றன அந்தக் கால்கள். "ஸ்டார்ட்டர் கடிக்கறதுக்கு அந்த எடத்துல ஒண்ணுமில்லீங்க."

"மத்த எடத்துலதான் பல் இருக்குமே?"

"இருக்குதுங்க. ஆனா இஞ்சின் அணையறப்ப எப்பவும் ஒரே எடத்துலதானுங்களே வந்து நிக்குது. அதனாலதான் அந்த நாலு மட்டும் தேயுது."

அந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. எத்தனை ஆயிரம் முறை சுற்றினாலும் ஓய்கிறபோது ஒரே இடம். ஓய்கிற இடத்தில்தான் தேய்மானம். அன்று சாயங்காலம் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கூட வைத்தேன். மனைவி படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. வண்டி கெளம்புமா?" என்று கேட்டாள்.

அந்தச் சக்கரத்துக்குப் புதுப் பல்வளையம் வாங்கி மாட்டவேண்டும், வளையம் வந்துசேர ஒரு மாதம் ஆகும் என்றார் மெக்கானிக். அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணா மதில் சுவரைச் சுற்றி வந்துவிட்டார். எங்கள் ஊரில் பானெட் திறந்து நிற்கிற வண்டியைக் கடந்து போக யாராலும் முடியாது. லேத் ஓட்டுகிறவர், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், மில்லில் ஃபிட்டராக இருந்தவர், ஆளுக்கொரு கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். கடவுள் செய்த இயந்திரத்தையும் தன் பட்டறைக்குக் கொண்டுபோனால் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்துவிடலாம் என்று நம்புகிற ஊர் இது.

"நாலு பல்லுக்குப் போயி ஒரு மாசமா? ஏனுங் தம்பி, நானெல்லாம் எதுக்கு இங்க உக்காந்திருக்கறேன்? கெட்டியா வெல்டிங் வெச்சு, அரத்துல ராவி, பல்லாக்கிப் போடலாம். அம்மணி நிம்மதியா ஸ்கூலுக்குப் போய்ட்டு வரட்டும்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண் சொன்னது. நான் அண்ணாவின் கைகளைப் பார்த்தேன். அவளை அள்ளி எடுத்த கைகள். "உங்களுக்கு எதுக்குங்ணா சிரமம்" என்று மட்டும் சொன்னேன். அது மறுப்பு ஆகாது, சம்மதம்தான். மூன்று நாள் வேலை. கியர்பாக்ஸை இறக்கி, பல் வைத்து, கையாலேயே ராவி, விளக்கைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து ராவி, மாட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் சாவியைத் திருகினேன். 'டக்' என்றது. பிறாண்டல் இல்லை. அசைவும் இல்லை. புதுப் பல் ஸ்டார்ட்டரின் பல்லைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. முன்பு கடிக்கப் பல்லில்லை. இப்போது கடித்ததை விட மனமில்லை. வண்டியைக் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் எப்போதாவது விடும். இல்லையென்றால் தள்ளவேண்டும்.

மறுநாள் காலை மதிலுக்கு மேல் அண்ணாவின் தலை.

"ஏனுங் தம்பி, வண்டி எப்புடி?"

"அருமையா இருக்குதுங்ணா."

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு அவர் கண் முன்னாலேயே வண்டியைத் தள்ளவேண்டி வந்தபோது, பாட்டரி வீக் என்றேன். அன்று சாயங்காலமே அவர் பாட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்த் தன் கொட்டகையில் சார்ஜ் ஏற்றி, விடிந்ததும் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார். மறுநாளும். அதற்கு மறுநாளும். அந்தப் பாட்டரி கல்லைப் போல் கனக்கும். ஒரு பொய்யை அந்த மனிதர் வயிற்றில் அணைத்துக்கொண்டு தினம் இரண்டு தடவை என் வாசலைக் கடந்தார்.

"அவருகிட்டச் சொல்லிப்போடுங்களே" என்பாள் மனைவி.

"எப்புடிக் கண்ணு சொல்றது?"

"பல்லு சரியில்லீங்கண்ணான்னு சொல்றது. நாலு வார்த்தைங்க."

என்னால் முடியவில்லை. கவிதை எழுதுகிறவனிடம் அந்த நாலு வார்த்தை இல்லை.

தினமும் காலையில் அண்ணாவும் அவருடைய ஆட்கள் இருவரும் தள்ளுவார்கள். அவள் பின்சீட்டில் காலை நீட்டி, தடியை மடியில் வைத்து, தேரில் ஏற்றிய சாமியைப் போல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இறங்கி நிற்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள். "அம்மணி, நீங்க உக்காருங்க. நீங்க என்ன கனமா கனக்கறீங்க?" அவளுக்கு முகம் சிவக்கும். ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள்.

பள்ளி வாசலில் இதைவிட மோசம். ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் இஞ்சின் அணைந்துவிடும். அது வண்டியின் இன்னொரு குணம். பிரேக்குக்கும் அதே கால்தானே. அவளை இறக்க நிறுத்துவேன், அணையும். பிள்ளைகள் ஓடிவருவார்கள். "டீச்சர் கார்! டீச்சர் கார்!" ஏலேலோ பாடாத குறையாகத் தள்ளுவார்கள். இரண்டாவது வட்டம் விழுந்த அன்று அவள் இறங்கி நின்று, என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"ஸ்கூல் வாசல்ல மட்டும் இனி இத நிறுத்தாதீங்க. கொஞ்சம் முன்னாலயே எறக்கி உட்ருங்க. நடந்துக்கறேன்."

அதற்கு அடுத்த வாரம், ஒரு முகூர்த்த நாள். அண்ணா பவானியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார், ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு. எங்கள் வீடு மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டியே இருந்தது. வாசலில் வண்டி. பின்சீட்டில் அவள். சாவியைத் திருகினேன். டக்.

இறங்கினேன். கியரில் போட்டு ஆட்டினேன். டக். தள்ளிப் பார்த்தேன், சமதரை, ஒற்றை ஆள், இரண்டடி நகர்ந்து நின்றது. பெருந்துறைத் தோட்டத்து வாசலின் அந்த இறக்கம் நினைவுக்கு வந்தது. ஒரு சின்ன இறக்கம், பத்தடி இருந்தால்கூடப் போதும். கோயமுத்தூர் அன்று சப்பாத்திக் கல்லைப் போல் தட்டையாக இருந்தது. மேற்கே குருடி மலை மட்டும், தேவையில்லாத இடத்தில் அத்தனை சரிவையும் குவித்து வைத்துக்கொண்டு நின்றது.

"மணி என்னங்க?"

அவள் கையில்தான் கடிகாரம் இருந்தது.

பஸ் வருகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவள் இறங்கிவிட்டாள். வேண்டாம் அம்மணி, டாக்டர் என்ன சொன்னாரு என்று நான் ஏதோ கத்துகிறேன். அவள் கையை நீட்டிவிட்டாள், பஸ் நின்றுவிட்டது. அந்தப் படி அவள் இடுப்பு உயரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். நல்ல காலை மேலே வைத்தாள். மற்றதை இழுத்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கண்டக்டர் குனிந்து அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருந்தார்.

"மெதுவாங்க, மெதுவா. ஏனுங், ஆராச்சும் அம்மணிக்கு எடங் குடுங்க!"

விசில். பஸ் போய்விட்டது. எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வெறும் எரிச்சலில் வண்டியின் பின்பக்கத்தை ஓர் இடி இடித்தேன். அடியில் எங்கேயோ 'கிளிக்'. உள்ளே ஏறி, ஆக்ஸிலேட்டரில் கால் வைத்துச் சாவியைத் திருகினேன். புத்தம்புது வண்டியைப் போலக் கிளம்பியது.

அப்போதுதான் பின்சீட்டைப் பார்த்தேன். ஜமுக்காளத்தின் மேல் அவளுடைய தடி.

பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அது நிற்கிற இடமெல்லாம் நான் நிற்க முடியாது. முதல் கியரில், நடப்பவரைவிட மெதுவாக ஊர்ந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் என் குடும்பத்தில் ஒருவரையும் விடவில்லை. பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவள் முகம் ஒருமுறை தெரிந்தது. நான் தடியைத் தூக்கிக் காட்டினேன். அடிக்க வருகிறவனைப் போல இருந்திருக்கும்.

பள்ளி நிறுத்தத்தில் அவளை இறக்கிவிட்டு பஸ் நகர்ந்தது. பள்ளி வாசலுக்கு நேர் எதிரே, சாலையோரத்தில், ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். வாசலில் பிள்ளைகள் என் வண்டியைப் பார்த்துவிட்டார்கள். ஓடிவரத் தயாராகிறார்கள். என் கால் பிரேக்குக்குப் போகிறது.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள். "நிறுத்தாதீங்க, போங்க, போங்க!"

கையை நீட்டினாள். நான் ஜன்னல் வழியாகத் தடியை நீட்டினேன். வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நொடி தடியின் ஒரு முனையில் அவளும் மறு முனையில் நானும் இருந்தோம். பிறகு என் கை காலியாக இருந்தது. கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். சாலையைக் கடக்கிறாளா, நிற்கிறாளா, மணி அடித்துவிட்டதா? இஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. காரமடைப் பக்கம், ஓடைப் பாலத்துக்கு முன்னால் சாலை இறங்குகிற ஓர் இடம் கிடைக்கும்வரை நான் போய்க்கொண்டே இருந்தேன். அங்கே நிறுத்தினேன். அணைந்தது. அதே பல்லில்தான் வந்து நின்றிருக்கும்.

சாயங்காலம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் வாசலில் நின்றேன். கேட்கப் பயம்.

"ரெண்டாவது மணி அடிச்சப்பறந்தானுங்க போனேன்" என்றாள். செருப்பைக் கழற்றினாள். காலைத் தடவிக்கொண்டாள். "ஹெட்மிஸ்ட்ரஸ் ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டே இருந்துருக்கறாங்க. நீங்க தடிய நீட்டுனது, நான் கத்துனது, எல்லாம். செவப்புப் பேனாவக் கையில புடிச்சிருந்தாங்க. அப்பறம் மூடிய மாட்டிட்டாங்க. 'கையெழுத்துப் போடுங்க டீச்சர்'னாங்க. அவ்வளவுதான்."

"கால் வலிக்குதா?"

"வலிக்குதுங்க. நாளைலிருந்து பஸ்ஸுலயே போய்க்கறேன்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

மறுநாள் அவள் பஸ் ஏறிப் போன பிறகு, கல்யாணச் சந்தனம் நெற்றியில் அழியாமலே, ராத்திரி ஊர் திரும்பியதும் கழற்றிக்கொண்டு போன பாட்டரியோடு அண்ணா வந்து நின்றார்.

"அம்மணி பஸ்ஸுல போறாப்ல இருக்குது?"

"அவளுக்கு பஸ்ஸுதானுங்ணா சௌகரியம்."

அவர் பாட்டரியை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். வண்டியை அன்போடு ஒரு தட்டுத் தட்டினார்.

"நம்ம பல்லு எப்புடி, நல்லா நிக்குதா?"

"அருமையா நிக்குதுங்ணா" என்றேன்.