மாசாணம் வந்திருந்தால்

ஊரின் பெயர் இங்கே வேண்டாம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், தேங்காய்க் களங்கள் முடிந்து பொட்டல் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற ஒரு பேரூராட்சி என்றால் போதும். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில், உள்ளூர் கேபிள் டிவி ஒன்று ஓடுகிறது. செய்தி வாசிப்பது, நகைக்கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது, தேர்த் திருவிழாவுக்கு நேரலை பேசுவது, திரையின் அடியில் ஓடுகிற எழுத்துகளை அடிப்பது எல்லாமே அங்கே செவ்வந்திதான். முதலாளி என்று ஒருவர் இருக்கிறார். வசூலுக்கு மட்டும் வருவார்.

செவ்வந்தியின் அம்மா களத்தில் தேங்காய்ப் பருப்பு உலர்த்தியே காலத்தைத் தள்ளியவள். மகளாவது நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று, பன்னிரண்டாவது முடித்ததும் தமிழ் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டாள். அந்த விரல்கள்தான் இன்றைக்கும் சோறு போடுகின்றன. ஊரில் யாருக்குக் காதுகுத்து, யாருக்குச் சீர், யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் முதலில் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும்.

அதிலும் இழவுச் செய்திக்குத் தனி மதிப்பு. டிவியில் 'கண்ணீர் அஞ்சலி' ஓடிவிட்டால் அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்பதில்லை. அந்த வீட்டுக்குப் போன் போட்டு "மெய்யாலுமே போயிட்டாருங்களா?" என்று கேட்பது அபசகுனம், மரியாதைக் குறைவும்கூட. மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அரசியல்காரர்களுக்கோ வேறு கவலை. அஞ்சலியின் கடைசியில் 'கண்ணீருடன்' என்று வருகிற பெயர்களில் தன் பெயர் முதலில் ஓட வேண்டும். செத்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன்கூட அந்த வரிசைக்கு அடித்துக்கொள்வான். இந்தக் கூத்தை வருஷக்கணக்காகப் பார்த்து செவ்வந்திக்கு அலுத்துவிட்டது.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. டிவித் தொடர்களைப் பார்க்கும்போதெல்லாம், "இதுக்கு நானே தேவலையாட்ட எழுதிப்போடுவேன்" என்பாள். கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வந்த அலுப்பில் சரி சரி என்று தலையாட்டுவார். போன தை மாசம் மாட்டுச் சந்தையைப் படம் பிடிக்க வந்த தீபக் மட்டும் தலையாட்டவில்லை, காது கொடுத்துக் கேட்டான். பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, படித்த படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, அங்கேயே ஒரு மாடியில் ஆபீஸ் போட்டு வெப் சீரிஸ் எடுக்கிறவன் அவன்.

"நிஜமா நடந்த அரசியல் சம்பவம் ஒண்ணு வேணுங்கக்கா. அதுல ஒரே ஒரு விஷயத்தை மாத்தணும். மாத்தினா அதுக்கப்புறம் நாடே வேற மாதிரி போகணும்" என்றான்.

"நாடெல்லாம் எனக்குத் தெரியாதுங் தம்பி. எங்க ஊரு போதுங்களா?" என்றாள் செவ்வந்தி. கேட்ட மாத்திரத்திலேயே அவளுக்குக் கதை தெரிந்துவிட்டது. மாசாணம் அண்ணன் அன்றைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மாசாணம் அவள் தெருக்காரர். பண்ணையத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். ரெண்டாயிரத்து இருபத்திரண்டில் வார்டு கவுன்சிலராக ஜெயித்தார். தலைவரைக் கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் மில் முதலாளி அருள்குமாருக்கு எதிராகப் பாதிப் பேர் நின்றார்கள். மாசாணம் அந்தப் பக்கம். ஆட்கள் வந்து பேரம் பேசுவார்கள் என்று பயந்து, சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போய் இருந்துகொண்டார். ஓட்டெடுப்பு அன்று காலையில் அங்கிருந்து பஸ் ஏறினார். வந்து சேரவில்லை. சென்னிமலை தாண்டி ரோட்டோரத்தில் கிடந்தார். அடையாளம் தெரியாத லாரி என்றார்கள். ஒரே ஓட்டில் அருள்குமார் தலைவரானார். அதற்குப் பிறகு குளத்து மண்ணும் போயிற்று, சந்தைத் திடலும் போயிற்று. கேட்க ஆளில்லை.

பீளமேட்டு ஆபீசில் தீபக் வெள்ளைப் பலகையில் கோடு போட்டு, கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்தான்.

"இந்த இடந்தான் முக்கியங்கக்கா. எந்த நிமிஷத்தை மாத்தினா அவரு உயிரோட வந்து சேருவாரு? சும்மா லாரி மோதலைன்னு சொல்லக்கூடாது. ஒரு மனுஷன் ஒரு காரியத்தைச் செஞ்சிருந்தா தப்பிச்சிருப்பாரு, அப்படி இருக்கணும்."

அந்தப் புள்ளியைத் தேடித்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி மாசாணத்தின் மனைவி ராசம்மாளைப் பார்க்கப் போனாள். ராசம்மாள் ஊர்க் கடைசியில் நாலு வெள்ளாட்டோடு தனியாக இருக்கிறாள். இத்தனை நாளில் யாரும் அவளிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்டதில்லை. செத்துப்போனவரைப் பற்றிப் பேசி அழ வைப்பானேன் என்கிற நல்லெண்ணம்தான். கேட்டதும் அவள் அழவில்லை, சிரித்தாள்.

"பெருந்துறை பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டு இருக்கறப்பத்தான் என்ற ஊட்டுக்காரரு கடைசியாப் பேசுனாருங் அம்மணி. டீக்கடைக்காரன் செல்லுல நம்மூரு டிவி ஓடுதாமா. 'நம்ம செவ்வந்தி பச்சைச் சீலை கட்டிட்டு பேரூராட்சி ஆபீசு வாசல்ல நின்னு பேசுது, என்னமாப் பேசுது பாரு'ன்னாரு. நம்ம ஆளுங்க காரு அனுப்பியிருக்காங்களாமா, பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், அதுலயே வந்துபோடறேன்னாரு. அவ்வளவுதானுங்."

செவ்வந்திக்கு உடம்பு சிலிர்த்தது. சாகப் போகிற மனுஷன் தன்னை டிவியில் பார்த்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட காட்சி. வீடு போய்ச் சேரும் வரை பொறுக்க முடியாமல் வழியிலேயே தீபக்குக்குப் போன் போட்டு, ராசம்மாள் சொன்னதை வரி பிசகாமல் சொன்னாள். அவன் அந்தப் பக்கம், "செமங்கக்கா, செம" என்று துள்ளினான். ஆக்கங்கெட்ட சந்தோஷம் அது. ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டூடியோவில் வழக்கம்போல ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு மளிகைக்கடைக்காரர். 'அகால' என்று அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது.

மாசாணம் அண்ணனுக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து 'அகால மரணம்' என்று அடித்திருக்கிறாள். எப்போது அடித்தாள்? அன்றைய ஓட்டெடுப்பு நேரலைக்குக் கிளம்புவதற்கு முன்னால். அருள்குமாரின் பேனர், சுவர் விளம்பரம், அஞ்சலி எல்லாவற்றையும் கவனிக்கிற கதிரேசன் காலையில் வந்து, "மாசாணம் அண்ணன் ஆக்சிடென்ட்டுல போயிட்டாருங் அம்மணி. ஊட்டுக்கு இன்னும் சொல்லல. டிவியப் பாத்து அந்தக்கா தெரிஞ்சுக்கக் கூடாது பாருங்க. அடிச்சு வெச்சுக்குங்க, நான் போன் பண்றப்ப ஓட்டுங்க. அருள்குமார் அண்ணன் பேருதான் மொதல்ல வரோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் அப்படியே அடித்து வைத்துவிட்டு, மனசுக்குள் அழுதுகொண்டு, பச்சைச் சேலையைச் சரிசெய்துகொண்டு நேரலைக்குப் போனாள். வீட்டுக்குத் தெரியாத சாவை ஊருக்குச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

அவள் அந்த மைக்கைப் பிடித்து நின்ற நேரத்தில்தான் மாசாணம் டீ குடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாவதற்கு முன்னாலேயே அஞ்சலி வந்திருக்கிறது. அருள்குமார் பெயர் முதலில் ஓட வேண்டுமே என்கிற அவசரம், கொலைக்கு முன்னாலேயே கண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. இத்தனை வருஷமாக, "எனக்குக் காலையிலயே தெரியும்" என்று அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அதையும் நினைத்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

தீபக் கேட்ட புள்ளியும் கிடைத்துவிட்டது. அன்றைக்குக் கதிரேசன் பேச்சைக் கேட்காமல் அடித்த கையோடு அதை ஓடவிட்டிருந்தால், நேரலையில் அவள் காலடியில் அந்த எழுத்து ஓடியிருக்கும். டீக்கடையில் மாசாணம் தன் சாவைத் தானே படித்திருப்பார். அந்தக் காரில் ஏறியிருக்க மாட்டார்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தீபக்கை எச்சரிக்கப் போனை எடுத்தாள். அதற்குள் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, நல்ல சேதி. பணம் போட ஆள் கெடைச்சாச்சு. உங்க ஊருக்காரருதான், அருள்குமார் சார். கதையில ஊரு, பேரு எல்லாத்தையும் மாத்தித்தான் சொன்னேன். ஆனா எந்தச் சம்பவம்னு உடனே கண்டுபுடிச்சுட்டாரு. கோவப்படவே இல்லீங்கக்கா, ரொம்ப ரசிச்சுக் கேட்டாரு. அந்த டீக்கடை சீன் மட்டும் எப்படித் தெரியும்னு ரெண்டு தடவை கேட்டாரு. செத்தவரு சம்சாரம், அந்தம்மாவே சொன்னதுன்னு சொன்னேன். 'அப்படிங்களா, அந்தம்மாவுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்குதுங்களா'ன்னு சிரிச்சாருங்க."

செவ்வந்தி போனை வைத்தாள்.

அன்று மாலையே ராசம்மாள் வீட்டுக்குப் போய், மகள் ஊருக்குக் கிளம்புங்கள் என்று கெஞ்சினாள். "ஆட்டை ஆரு பாப்பாங்க?" என்று கேட்டாள் ராசம்மாள். செவ்வந்தி விஷயத்தைச் சொன்னாள். கேட்டுவிட்டு ராசம்மாள், "என்னைய என்னுங் அம்மணி பண்ணப் போறாங்க" என்று ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். போலீசுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? பழைய அஞ்சலி கம்ப்யூட்டரிலிருந்து என்றைக்கோ அழிந்துவிட்டது. இருப்பது அவள் ஞாபகமும் ராசம்மாள் ஞாபகமும்தான்.

புதன்கிழமை காலை கதிரேசன் படியேறி வந்தார். எப்போதும்போல வெள்ளைச் சட்டை, எப்போதும்போலப் பணிவு.

"ஏனுங் அம்மணி, சாப்பிட்டாச்சுங்களா? ஒரு அஞ்சலிங்க. நம்ம மாசாணம் அண்ணன் சம்சாரம். பாவம், நெஞ்சு வலியாமா. மக ஊட்டுக்கு இன்னும் சொல்லல. அடிச்சு வெச்சுக்குங்க, நான் போன் பண்றப்ப ஓட்டுங்க."

செவ்வந்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. யாரோ சொல்கிறார்கள், இவர் கொண்டுவருகிறார். எப்போது செத்தது என்று கேட்கிற வழக்கம் அவருக்கும் கிடையாது. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தே அனுப்பினார்களா, பழக்க தோஷத்தில் அனுப்பினார்களா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரெண்டும் ஒரே அளவுக்குப் பயமாக இருந்தது.

"தலைவரு பேரு மொதல்லயா?" என்று கேட்டாள்.

"அதைச் சொல்லோணுமுங்களா" என்று சிரித்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ராசம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது ராசம்மாள் போனைச் சுவர்ப் பிறையில் வைத்துவிட்டுத்தான் போவாள். ஆட்டோ பிடித்துப் போகலாம், அதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். செவ்வந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிழையில்லாமல் அடித்தாள். அடியில் ஓடவிடவில்லை, படத்தை நிறுத்திவிட்டுத் திரை முழுக்கப் போட்டாள். யூடியூபிலும் போட்டாள். ராசம்மாள் காலமானார். கண்ணீருடன், அருள்குமார், தலைவர்.

யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்பதுதானே அவளுடைய தைரியம். ஜன்னல் வழியே பார்த்தாள். பூக்கடை முன்னால் கூட்டம் கூடியது. டெம்போவில் பெண்கள் ஏறினார்கள். பைக்குகள் ஊர்க் கடைசிப் பக்கமாகத் திரும்பின. மாசாணத்துக்குக் கூடாத கூட்டமெல்லாம் அவர் மனைவிக்குக் கூடியது.

செவ்வந்திக்கு உயிர் போய் உயிர் வந்த பிறகுதான் போன் அடித்தது.

"ஏனுங் அம்மணி" என்றது ராசம்மாள் குரல். "ஊரே மாலையோட என்ற ஊட்டு முன்னால நிக்குது. நான் செத்துப்போயிட்டனாமா. ஒறம்பரையெல்லாம் என்னையப் பாத்துட்டு ஓன்னு அழுவுது. ஊட்டுக்கு வர்ற இட்டேரித் தடத்து முக்குல ஒரு காரு நின்னுட்டு இருந்துச்சு, கூட்டத்தப் பாத்துட்டு அக்கட்டால போயிருச்சுங்."

"அக்கா, யாரையும் போக விடாதீங்க. காப்பி வெச்சுக் குடுங்க. உங்களைச் சுத்தி ஆளு இருக்கோணும்" என்று சொல்லும்போது செவ்வந்தி அழுதுவிட்டாள்.

அடுத்த அழைப்பு கதிரேசனுடையது. அந்தக் குரலில் பணிவெல்லாம் கழன்று வெறும் பயம் மட்டும் இருந்தது. "நான் போன் பண்ணவே இல்லீங்களே அம்மணி. எதுக்குங் ஓட்டுனீங்க? அந்தக்கா உசுரோட இருக்காங்களாமா. தலைவரு கெளம்பி உங்ககிட்டத்தான் வாராரு."

கீழே கார் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து. செருப்புக் கடைக்காரர் யாருக்கோ வணக்கம் வைத்தார். மாடிக்கு ஒரே படிதான். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, முதலாளி போட்டுத் தந்ததே இல்லை.

செவ்வந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்குகளைப் போட்டாள். கேமராவை நேரலைக்கு மாற்றிவிட்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். தன்னைப் பார்க்க ஆள் இருக்கிற வரைக்கும்தான் தனக்குக் காவல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வணக்கம்" என்றாள். "மூணு வருஷத்துக்கு முந்தி, மாசாணம் அண்ணன் பெருந்துறையில டீ குடிச்சுட்டு இருந்தப்ப, அவரு செத்துட்டாருன்னு நான் இங்க உட்காந்து டைப் அடிச்சேன். அடிக்கச் சொன்னது யாருன்னு சொல்றேன். எல்லாரும் பாருங்க, டிவியை அணைச்சுப்போடாதீங்க."

படியில் காலடிகள் கேட்டன. அவை அவசரப்படவில்லை. அவள் பேச்சை நிறுத்தவில்லை.