வேலைக்குப் போகும் வேலையற்றோர்

மற்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதுதான் என் வேலை; அதனாலேயே என்னைக் கண்டால் ஊரில் பாதிப்பேர் நின்று கதைக்கிறார்கள், மீதிப்பேர் வேறு ஒழுங்கையால் போய்விடுகிறார்கள். பிரதேச செயலகத்தில் வேலை தேடுவோரைப் பதிந்து, ஆள் தேடும் முதலாளிமாரோடு சேர்த்துவைக்க வேண்டும். கல்யாணத் தரகரின் தொழில்தான், விருந்து மட்டும் கிடையாது. பட்டம் பெற்ற பிள்ளையொன்று அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கும் வீடு உங்களுடையதும் என்றால், இதில் ஒன்றும் உங்களுக்குப் புதிதாக இராது.

நகத்தில் பிசின்

குருநகர் அன்ரன் புவியியல் பட்டதாரி. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாயும் படிக்கிற தங்கச்சியும் அன்ரனின் உழைப்பில்தான் சாப்பிடுகிறார்கள் என்பது அந்தத் தேவாலயப் பங்கு முழுவதற்கும் தெரியும். பதிய வந்தவனிடம் "இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன். "சும்மா இருக்கிறன் மிஸ்" என்றான். மேசையில் வைத்திருந்த கையைப் பார்த்தேன். பைபர் படகுக்குப் பூசும் பிசின் எல்லா நகத்திலும் காய்ந்து கிடந்தது.

எங்கள் ஊரில் 'சும்மா' என்றால் சோம்பேறி என்று அர்த்தமில்லை, அரசாங்கத்தில் இல்லை என்று அர்த்தம். கடை நடத்துகிறவனும் சும்மா, கூரை வேய்கிறவனும் சும்மா. போதாக்குறைக்கு ஒரு விதியும் இருந்தது. பட்டதாரி நியமனம் வேலையற்றவர்களுக்குத்தான். தனியாரிடம் பெயர் பதிந்து, ஓய்வுகாலத்துக்கென்று சேமலாப நிதி கட்டத் தொடங்கினால் நீங்கள் வேலையுள்ளவர், நியமனம் இல்லை. ஆகவே பிள்ளைகள் பெயரில்லாமல் உழைக்கிறார்கள். நாளைக்கு ஒன்று நடந்தால் கேட்க நாதியில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். அன்ரன் சிரித்தான்.

"வேலை செய்யிறன் எண்டு எழுதினால் வேலை கிடையாது மிஸ்."

முன்பின் தெரியாதவர்கள்

மருதனார்மடத்தில் ஒரு மண்டபத்தில் தொழிற்சந்தை வைத்தோம். பதிந்தவர்கள் எல்லாரும் வரவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. அன்ரனும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். வந்தவன் நேரே போய் நின்றது தன் சொந்த முதலாளியின் மேசைக்கு முன்னால்! படகுப் பட்டறை முதலாளி பகிடிக்காரர். முகத்தை இறுக்கிக்கொண்டு, "தம்பிக்கு என்ன தெரியும்?" என்றார். "ஒண்டும் தெரியாது ஐயா" என்றான் அன்ரன். பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி நின்றதால் இருவரும் சிரிக்கவில்லை. நான்தான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் மேசையை மடிக்கும்போது முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். மேற்பார்வையாளராக்குகிறேன், சேமலாப நிதியும் கட்டுகிறேன் என்று பலமுறை கேட்டாராம், அன்ரன் மாட்டேன் என்றுவிட்டானாம். அப்போது அவர் பகிடி விடவில்லை.

"உந்தப் பெடியன் இல்லாட்டி நான் பட்டறையைப் பூட்டவேணும் மிஸ். அவன் ஆரெண்டே தெரியாத மாதிரி நிக்கவேண்டிக் கிடக்கு."

பெண்ணின் தகப்பன்

அன்ரனும் சுகந்தி என்ற பிள்ளையும் பல்கலைக்கழகத்திலிருந்தே விரும்பியவர்கள். அவளுடைய தகப்பன் கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரி. ஒருநாள் அவர் முருங்கைக்காய்க் கட்டொன்றோடு என் கந்தோருக்கு வந்தார், மாப்பிள்ளையை விசாரிக்க. குடியில்லை, பொறுப்பான பிள்ளை, மாடாய் உழைப்பான் என்று நான் அள்ளிவிட்டேன். வாழ்நாள் முழுக்கச் சொந்தக் காலில் நின்ற மனிதர்; உழைப்பின் அருமை அவருக்குப் புரியாமல் யாருக்குப் புரியும் என்று நினைத்தேன்.

"உழைப்புக் கிடக்கட்டும் பிள்ளை. உத்தியோகம் எப்ப வருமாம்?"

விடுப்பு

பிசினை இறுகவைக்கும் மருந்து தெறித்து அன்ரனின் வலது கண் போனது. ஆசுபத்திரிக்குப் போனேன். முதலாளி கட்டிலின் காலடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். தாய் செபமாலையை உருட்டிக்கொண்டு என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் சட்டத்தைச் சொல்வது என் கடமை. வேலைத்தலத்தில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்கலாம், என்னிடம்தான் வேலை செய்தான் என்று எழுதித்தர முதலாளியும் ஆயத்தம் என்றேன்.

கட்டுப் போட்ட முகம் என் பக்கம் திரும்பியது. நியமனத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற கதை அப்போதுதான் கிளம்பியிருந்தது. அது கிடைத்தால்தான் சுகந்தி வீட்டில் ஓம் என்பார்கள்.

"நான் அங்கை வேலைக்குப் போகேல்லை மிஸ். சும்மா வேடிக்கை பாக்க, விடுப்புப் பாக்கப் போன இடத்திலை பட்டது எண்டு சொல்லுங்கோ."

நேர்முகம்

உண்மையாகவே ஆள் எடுத்தார்கள். தெற்கிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கேள்விகளைத் தமிழில் சொல்ல என்னை இருத்தினார்கள். கெட்ட மனிதரல்ல. தன் மகனும் பட்டத்தோடு வீட்டில்தான் இருக்கிறான் என்று தேநீர் நேரத்தில் சொன்னவர்.

அன்ரன் வந்தான். அதிகாரி அவனுடைய பத்திரங்களைப் புரட்டினார். பட்டம் பெற்றபின் எல்லாம் வெறுமை. படகுகள் எதற்கும் அங்கே இடமில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சிங்களத்தில் கேட்டார். கோபத்தில் அல்ல, தன் மகனை நினைத்துக் கேட்டிருப்பார் போலும். அந்தக் கேள்வி என் வாயால்தான் அன்ரனுக்குப் போகவேண்டும்.

"இவ்வளவு காலமும் உமக்கு ஆர் சாப்பாடு போட்டது எண்டு ஐயா கேக்கிறார்."

அவன் மிஞ்சியிருந்த ஒரு கண்ணாலும் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தான்.

"அம்மாதான் மிஸ் போட்டவ. நான் ஒரு சதமும் உழைச்சுக் குடுக்கேல்லை."

மொழிபெயர்த்தேன், அதிகாரி தலையாட்டினார், நியமனமும் வந்தது. இப்படியாக நாட்டில் வேலையற்றோர் தொகையில் ஒருவர் குறைந்தார்.