களப்பின் வாய் வெட்டிய மாரி

அண்ணா கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடிப்பவர். என் கணவருக்கு அதே களப்பின் மேல்கரையில் வயல். மாரி தொடங்கினால் அண்ணாவுக்குக் களப்பில் தண்ணீர் நிற்க வேண்டும். இவருக்கு அது போக வேண்டும்.

களப்புக்கும் கடலுக்கும் இடையில் கோடையில் மணல் மூடிவிடும். மழையில் களப்பு நிரம்பும்போது ஊர்ச்சனம் கூடி அந்த மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும். எப்போது, எந்த இடத்தில் வெட்டுவது என்பதைக் கடற்தொழிலாளர்தான் சொல்வார்கள். களப்பின் வாய் இப்படித் திறந்தால் இறாலும் தண்ணீரோடு போய்விடும் என்பதால், வயல்காரர் அவர்களை முழுதாக நம்புவதில்லை.

போன மாரியில் மழை விடவேயில்லை. எங்கள் பயிர் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. கணவர் மண்வெட்டியோடு மணல்திட்டிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அண்ணா அங்கே நின்றார்.

"இண்டைக்கு வேண்டாம், மச்சான். கடல் உயர நிக்குது. வெட்டினால் உப்புத்தண்ணி உள்ளுக்கு வந்திடும்."

"பயிர் அழுகுது. உங்களுக்கு இறால் வளரோணும், அதுதானே?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு நாள் பொறுங்கோவன்" என்றேன்.

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறென்று வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் காற்றுத் தணிந்து கடல் வற்றத் தொடங்க, அண்ணா ஆள் அனுப்பினார். வழியில் அண்ணியைக் கண்டேன்.

"விடியத் தொடக்கம் திட்டியிலதான் நிக்கிறார். தொழிலுக்கும் போகேல்லை" என்றார்.

வீடுகளிலிருந்து தள்ளி ஓரிடத்தில் அண்ணா காலால் கோடு கீறினார். எல்லோரையும் ஊர்ப்பக்கக் கரையில் நிற்கச் சொன்னார். மண்வெட்டி அகலத்துக்குத்தான் வெட்டினார்கள். முதலில் வாய்க்கால் போலத்தான் ஓடியது. பிறகு இரு பக்கமும் மணல் இடிந்து இடிந்து விழுந்தது. பொழுதுபட முன் அது ஆறாகிவிட்டது. அண்ணாவின் இறாலும் அதோடு போனது. கணவர் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மேட்டு வயல் தப்பியது. பள்ளத்து வயல் அழுகிப்போனது. முதல் நாளே வெட்டியிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று கணவர் இன்றைக்கும் சொல்வார். உப்பு ஏறி இரண்டும் போயிருக்கும் என்பார் அண்ணா. யார் சொல்வது சரியென்று எனக்குத் தெரியாது.

இந்த மாரியில் களப்பு நிரம்பத் தொடங்கியதும் கணவர் சைக்கிளை எடுத்தார்.

"எங்கை போறியள்?"

"உன்ரை அண்ணர் தனியத் திட்டியில நிப்பார்" என்றார்.