சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் கோயமுத்தூரில் ஏழு நாள்

குடும்பத்தோடு ஒரு வாரம் கோயமுத்தூர் போக வேண்டும், எப்போது போகலாம், எங்கே தங்கலாம் என்று சென்ற பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். இன்றைய ஓட்டல்களைப் பற்றிச் சொல்ல உங்கள் கைபேசியே போதும். நான் சொல்லப்போவது அறுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்த வருடத்தில், நாங்கள் போன பயணம். வாடகையும் பஸ் நேரமும் மாறிவிட்டன. குடும்பத்தோடு கிளம்பும்போது வருகிற சிக்கல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது, ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு அப்போது முப்பது வயது. உடுமலைப்பேட்டையிலிருந்து ஆறு மைல் தள்ளி எங்கள் தோட்டம். கல்யாணமான பத்து வருடத்தில் பத்து முறை கோயமுத்தூர் போயிருந்தேன். ஆனால் அங்கே என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டு இடங்களைத்தான் சொல்லியிருப்பேன்: ஒன்று பஸ் ஸ்டாண்டு, இன்னொன்று ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டுச் சமையலறை. அந்த அக்காவின் மாமனார், மாமியார், கொழுந்தனார்கள், பிள்ளைகள் என்று பதினொரு பேர் சாப்பிடுகிற வீடு அது. வாசலில் கால் வைத்ததுமே, "வா கண்ணு, அந்த ஆட்டுக்கல்லைக் கொஞ்சம் புடி" என்பார் அந்த அக்கா, எனக்கு அண்ணி. பிறகு ஏழு நாளும் நான் மாவாட்டுவேன், அவர் மத்தியானம் உள்ளறையில் படுத்துத் தூங்குவார். அந்தத் தூக்கம்தான் எனக்கு ஆகவே ஆகாது. பத்தாவது முறை திரும்பி வந்த பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், அடுத்த தடவை கோயமுத்தூர் போனால் லாட்ஜில்தான் தங்குவது என்று.

என் வீட்டுக்காரர் அரண்டுபோனார்.

"அக்கா ஊடு இருக்கையில லாட்ஜா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசிட்டுப் போகட்டுங்க. ஏழு நாளைக்கு நான் அடுப்பு மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"அக்காளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா?"

"தெரிஞ்சாத்தானுங்களே."

தோட்டத்தில் வேலை நெருக்குகிறது, இந்த வருடம் வர முடியாது என்று அண்ணிக்கு நானே கடிதம் எழுதிப் போட்டேன். பொய்தான்.

கார்த்திகை நடுவில் போவது என்று முடிவானதற்குக் காரணம் உண்டு. தீபாவளிக் கூட்டம் கலைந்திருக்கும், ஐப்பசி மழையும் ஓய்ந்திருக்கும். மானாவாரிச் சோளம் கதிர் வாங்கி நிற்கும், தை வரைக்கும் அரிவாளுக்கு வேலையில்லை. மூத்தவள் சரசுவுக்கு ஒன்பது வயது, இளையவள் வசந்தாவுக்கு ஆறு. பள்ளிக்கூடத்தில் நானே நேரில் போய் லீவு கேட்டேன். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒரு தாளாக, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதி ஊசிநூலால் தைத்து வைத்துக்கொண்டேன்.

காலை ஆறேகாலுக்கு உடுமலையில் பஸ். பொள்ளாச்சியில் இருபது நிமிடம் நிற்கும், அங்கே காபி குடித்துக்கொள்ளலாம். நாற்பத்து நாலு மைல் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. பஸ் கூரையிலிருந்து எங்கள் டிரங்குப் பெட்டியை இறக்கியபோது பின்னாலேயே ஒரு சாக்கு மூட்டையும் இறங்கியது. உரித்த தேங்காய், இருபத்தைந்து.

"இது யாருக்குங்க?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "கோயமுத்தூர்னா எப்பவும் கொண்டு போறதுதானே. கை பாட்டுக்குக் கட்டிப்போட்டுது."

எங்கள் பக்கம் உறவு இருக்கும் ஊருக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் கிடையாது. லாட்ஜ் விஷயம் அவர் கைக்குத் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

லாட்ஜ் டவுன்ஹால் பக்கம், மாடியில் மூன்று கட்டில் போட்ட அறை, நாளைக்கு நாலு ரூபாய். கீழேயே மெஸ். மேனேஜர் எங்கள் நாலு பேரையும் தேங்காய் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, டவுன்ல உங்களுக்குச் சொந்தபந்தம் யாருமே இல்லீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "இல்லீங்க" என்று நான் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. மில் சங்கு ஊதியது. எழுந்திரு என்று சொல்ல யாரும் இல்லை, ஊதுவதற்கு அடுப்பும் இல்லை. போர்வைக்குள் அப்படியே கிடந்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? அன்று பேரூர், டவுனிலிருந்து நாலு மைல், பஸ்ஸில் அரைமணி. மூன்றாம் நாள் மருதமலை. எட்டு மைல் பஸ், பிறகு படி ஏற வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள், வெயில் வந்துவிட்டால் பாதியில் தூக்கச் சொல்வார்கள். எங்கள் வசந்தா சொன்னாள். அவள் அப்பா தூக்கினார். ஆனால் உச்சியில் நின்று ஊரைப் பார்க்கும்போதுகூட அவர் ஆர்.எஸ்.புரம் எந்தப் பக்கம் என்றுதான் தேடினார்.

நாலாம் நாள் காலை சவரம் செய்துகொண்டு வருவதாகச் சொல்லிப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார். முகத்தில் தாடி அப்படியே இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், மூட்டையைக் காணோம்.

"அக்கா ஊட்டு வாசல்ல வெச்சுப்போட்டு சத்தமில்லாம வந்துட்டேன். யாரும் பாக்கல" என்றார். எவ்வளவு பெரிய சாமர்த்தியம் பாருங்கள்! சந்தைக்குப் போகிற சாக்கு அது. அவர் பெயரின் முதலெழுத்துகள் அதில் தாரால் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கும்.

மத்தியானம் மூன்று மணிக்கு அறைக்கதவு தட்டப்பட்டது. அண்ணி நின்றார். பின்னால் குதிரைவண்டிக்காரர், அவர் தோளில் அதே மூட்டை. காலையில் தம்பி மூட்டையை எந்த இடத்தில் குதிரைவண்டியில் ஏற்றினார் என்று வண்டி ஸ்டாண்டில் விசாரித்தே வந்துவிட்டார். "எறக்குங்க" என்றார். மூட்டை தரையில் தொப்பென்று விழுந்தது. என் வீட்டுக்காரர் பால்கனிப் பக்கம் நழுவினார்.

நான் தயாராகத்தான் இருந்தேன். பத்து வருடம் சேர்த்து வைத்த பேச்சு தொண்டையில் இருந்தது. அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, விரித்திருந்த போர்வையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"தோட்டத்துல வேலைன்னு எழுதியிருந்தியே அம்மணி."

"பொய்ங்க அண்ணி. உங்க ஊட்டுக்கு வந்தா எனக்கு அடுப்படிதான். நானும் ஒருக்கா ஊரைப் பாக்கோணும்னுதான் இப்படிச் செஞ்சுபோட்டேன்."

அவர் சண்டைக்கு வரவில்லை.

"ஐப்பசி பொறந்ததுல இருந்து நீ வருவேன்னு நாளு எண்ணிட்டிருந்தேன் கண்ணு. நீ வர்ற அந்த ஏழு நாளுதான் நான் மத்தியானம் கண்ண மூடறது. மத்த நாளுக்கு ஆரு இருக்கறா எனக்கு?"

சேர்த்து வைத்த பேச்சு அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வருடத்துக்கு ஏழு நாள் நான் செய்ததற்கே இவ்வளவு ஆங்காரம், அவர் அதையே வருடம் முழுக்கச் செய்துகொண்டிருந்தார். என் விடுமுறையை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஆனால் எடுத்த முடிவை விடுகிற ஆள் நான் இல்லை. "இன்னிக்கிருந்து மூணு நாளு இங்கியே தங்கிக்கங்க அண்ணி" என்றேன்.

"பதினோரு பேருக்கு ஆரு ஆக்கறது?"

நான் கீழே இறங்கி மெஸ்காரரிடம் பேசினேன். மூன்று நாளும் இரண்டு வேளை ஆர்.எஸ்.புரத்துக்கு கேரியரில் சாப்பாடு போகும் என்று ஏற்பாடாயிற்று. பிறகு மேலே வந்து பால்கனியிலிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"நீங்க போய் அக்கா ஊட்டுல இருங்க. அக்கா ஞாயித்துக்கிழமைதான் வருவாங்கன்னு அவங்க மாமியார்கிட்டச் சொல்லிருங்க."

"நானா? என்னைக் கொன்னுபோடுவாங்க புள்ள!"

"மூட்டையை எடுத்துட்டுப் போங்க. வெறுங்கையோட போகக் கூடாதில்லீங்களா?"

போனார். அங்கே அந்த மாமியார் அரைநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததாகவும், மெஸ் ரசம் நன்றாக இருந்ததால் பிறகு பேசியதாகவும் சொன்னார். லாட்ஜ் மேனேஜர்தான் குழம்பிப்போனார். ஆர்.எஸ்.புரத்தில் சொந்த வீடு உள்ளவர் எதற்கு இங்கே வந்து தங்குகிறார் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஐந்தாம் நாளுக்கு என் தாளில் எழுதியிருந்தது இது: காலை எட்டு மணி, மேட்டுப்பாளையம் ரயில், துடியலூர் தாண்டியதும் மலையைப் பார்க்கலாம். எட்டு மணிக்கு அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். சன்னல் வழியாக வெயில் முகத்தில் விழுந்தும் அசையவில்லை. அந்தத் தாளின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளியே கூட்டிப்போய், வாயில் விரல் வைத்து, தாழ்வாரத்தில் உட்காரவைத்தேன். ஒன்பதரைக்கு எழுந்தவருக்கு எந்த இடத்தையும் பார்க்க ஆசையில்லை. யாரோ போட்ட காபியை உட்கார்ந்த இடத்தில் இரண்டு தம்ளர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் ஒரு சினிமா. ஏழாம் நாள் நாலு மணி பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டுத்தான் அண்ணி வீட்டுக்குப் போனார்.

சரி, போகிறவர்களுக்கு. கார்த்திகையில் போங்கள், மெல்லிசாக ஒரு சால்வை போதும். ஏழு நாளுக்கும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு தாளையாவது வெறுமையாக விடுங்கள். உறவுக்காரர்களுக்குப் பொய்க் கடிதம் போடாதீர்கள். அறை சொல்லும்போது ஒரு கட்டில் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கார்த்திகைக்கு நான் அண்ணிக்கு உண்மையையே எழுதினேன், தேதியும் லாட்ஜ் அறையும் சேர்த்து. ஒன்பதரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி, தேங்காய் மூட்டையோடு என் வீட்டுக்காரரை நேராக ஆர்.எஸ்.புரத்துக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளோடு மாடியேறினேன். எங்கள் அறைக்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. சன்னலோரக் கட்டிலில் அண்ணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வா கண்ணு" என்றார். "உக்காரு. காபி சொல்லியிருக்கேன்."