ஒரே சஹனில் உட்கார மாட்டேன் என்றவர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் கடையை இழுத்து மூடுகிற வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஊரிலுள்ள தொழிலாளர்கள் அத்தனை பேரும் தேக்கா சந்தைப் பக்கம் வந்து குவிவார்கள், கால் வைக்க இடம் இருக்காது. டன்லப் ஸ்திரீட்டில் பயணப்பெட்டி விற்கும் அப்துல் கையூம் பாய் அந்த நேரம் பார்த்து ஷட்டரை இறக்குவார். ஊருக்குப் போகிறவன் பெட்டி வாங்க வந்து நிற்பான். நாளைக்கு வாப்பா என்று சொல்லிவிட்டு மனிதர் செம்பவாங் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

எதற்கு? ஹாக்கி பார்க்க. சரி, ஜெயிக்கிற அணியா என்றால் அதுவும் இல்லை. செம்பவாங் ஷார்க்ஸ் என்று ஒரு தொழில்முறை அணி. சம்பளம் வாங்கிக்கொண்டு தோற்பதற்கென்றே பதினோரு பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். இந்த சீசனில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. டிரா செய்தாலே நாங்கள் சர்க்கரைப் பொங்கல் வைக்காத குறைதான்.

எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு, மறுக்கவில்லை. பாயும் நானும் பழக்கமானதே அந்தக் கேலரியில்தான். ஆனால் நான் மழை வந்தால் கிளம்பிவிடுவேன். ஐந்து கோல் வாங்கிவிட்டால் மழை இல்லாமலேயே கிளம்பிவிடுவேன். அவர் அசையமாட்டார். நனைந்துகொண்டே தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றித் திட்டுவார். கடைசி விசில் வரைக்கும் திட்டு ஓயாது. அந்தப் பொறுமையைப் பார்த்து வாய் பிளந்து நின்றிருக்கிறேன். இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார முடியுமா? அவருடைய மனைவி சம்சுன்னிசா அக்கா சொல்வார், நிக்காஹ் அன்றைக்குக்கூட பாய் இத்தனை நேரம் ஒரே இடத்தில் உட்காரவில்லையாம்.

அந்த அணியில் அவர் திட்டாத ஆள் ஒருவன்தான் இருந்தான், ஸைஃப். ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. எதிரணிக்காரன் பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வீசுவான். பந்தா அது, கல்! எக்ஸ்பிரஸ்வேயில் கார் போகிற வேகத்தில் வரும். தடுக்கிற பக்கத்திலிருந்து ஒருவன் கோல் கோட்டை விட்டு நேரே அதை நோக்கி ஓட வேண்டும். விலகி ஓடுவதில்லை, அதன் மேலேயே ஓட வேண்டும். முகத்துக்கு ஒரு கவசம், கைக்கு ஓர் உறை, முட்டிக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். ஷார்க்ஸில் அப்படி ஓடுகிறவன் ஸைஃப். அவன் ஓடும்போதெல்லாம் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். பாய் மட்டும் எழுந்து நின்று பார்ப்பார். "பார்த்தியா, நம்ம பையன்" என்று என் தோளில் ஓங்கி ஒன்று வைப்பார். தோள்பட்டை கழன்றுவிடும்.

அதே ஸைஃபுக்குத்தான் சீசன் பாதியில் என்னவோ ஆனது. ஓடுவான், தடுப்பான், அதில் குறையில்லை. ஆனால் மட்டை கையிலிருந்து நழுவும். சும்மா வருகிற பந்தைக்கூட விட்டுவிடுவான். இரண்டு ஆட்டம் அவனால்தான் போனது. பாய்க்குத் தாங்கவில்லை. பிடித்தவன் மேல் வருகிற கோபம் மற்றவன் மேல் வருமா? "மட்டையப் புடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு சம்பளம்!" என்று கேலரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அதோடு நிற்கவில்லை. கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, இனிமேல் அவனோடு ஒரே சஹனில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அது சின்னப் பேச்சில்லை. அவர்கள் வீட்டு விசேஷங்களில் பெரிய தாலத்தில் சோறு வைப்பார்கள், அதுதான் சஹன். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். அதில் உட்காரமாட்டேன் என்றால் உறவே வேண்டாம் என்று அர்த்தம்.

அப்புறம் ஆளைத் திரட்டினார். கேலரிக்கு வருவதே நாற்பது பேர், அதனால் அணி மேலாளர் எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து போய் ஸைஃபை எடுக்கச் சொல்வது என்று முடிவானது. நீங்கள் சொன்னால் எடுத்துவிடுகிறேன் என்று மேலாளரும் சொல்லிவிட்டார். சீசன் நடுவில் எடுத்துவிட்டால் அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது. அதோடு அந்தப் பையனின் ஹாக்கி முடிந்தது.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, பாயின் அண்ணன் நெய்னா முகம்மதுவின் மகள் சாதியாவுக்குக் கல்யாணம். சுவா சூ காங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஜமக்காளம் விரித்து, ஆண்களுக்கு ஒரு பக்கம் சாப்பாடு. நானும் கையூம் பாயும் தஞ்சோங் பகாரிலிருந்து வந்திருந்த காது கேட்காத ஒரு பெரியவரும் ஒரு சஹனில் உட்கார்ந்தோம். மூன்று பேராக இருக்கிறோம் என்று பார்த்த நெய்னா முகம்மது, சண்டை எதுவும் தெரியாமல், அந்தப் பக்கம் நின்ற ஒருவனைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து எங்களோடு உட்கார்த்திவிட்டுப் போய்விட்டார். ஸைஃப்! மாப்பிள்ளைக்குத் தாய்வழிச் சொந்தமாம்.

பாய் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எழுந்து போனால் அண்ணன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை அவமானப்படுத்தியதாக ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார். நாங்களும் கை வைத்தோம்.

ஸைஃப் கை வைக்கவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு குனிந்து இருந்தான். பெரியவர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளிவிட்டார். அப்போதும் இல்லை.

பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு சன்னமாக, எனக்கே பயமாக இருந்த ஒரு குரலில் கேட்டார்: "என்கூட சாப்பிட மாட்டியாடா நீ?"

அவன் தலையை ஆட்டி அப்படியில்லை என்றான். வலது கையை எடுத்து சோற்றில் வைத்தான். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் மடங்கின. மற்ற மூன்றும் கருநீலமாக வீங்கி, விறைத்து நின்றன. அள்ளிய சோறு வாய்க்குப் போகுமுன் தாலத்திலேயே கொட்டியது. மறுபடி அள்ளினான், மறுபடி கொட்டியது. பெரியவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

"எப்ப உடைஞ்சது?" என்றார் பாய்.

கேட்கக் கேட்கத்தான் வந்தது. சீசன் நடுவில் ஒரு பெனால்டி கார்னரில் பந்து நேராகக் கையில் விழுந்திருக்கிறது. டாக்டர் ஆடவே கூடாது என்றிருக்கிறார். இவன் சுளுக்கு என்று அணியில் சொல்லிவிட்டு, உறைக்குள் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறான். அந்தக் கையோடு, அடுத்த பந்தை நோக்கி, அடுத்ததை நோக்கி ஓடியிருக்கிறான். நாங்கள் மேலே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தோம். இப்படியும் ஒரு பிள்ளையா என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

"ஓடத் தெரிஞ்ச இன்னொருத்தர் ஆர்மி ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போயிட்டாரு அங்கிள். நான் இல்லன்னா ஸ்ரீராம்தான் ஓடணும். போன மாசம்தான் டீம்ல சேர்ந்தான். அவன் ரன் பண்ணும்போது கண்ண மூடுறான், ஐ சா இட். முகத்துல வாங்கிடுவான் லா."

கட்டு எங்கே என்று பாய் கேட்டார். எல்லாரும் கை வைக்கிற சஹனில் கட்டோடு வைக்கக் கூடாது, அதனால் அவிழ்த்துவிட்டேன் என்றான். இடது கையால் சாப்பிடுவதும் வழக்கமில்லை. நீங்கள் உட்கார மாட்டேன் என்று சொன்னது தெரியும் மாமா, எழுந்து போனால் பதிலுக்குப் பதில் செய்த மாதிரி ஆகிவிடும், அதனால்தான் போக மனசு வரவில்லை என்றான். அதைச் சொல்லும்போது அவன் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கையூம் பாய் சோற்றைத் தன் விரலால் பிசைந்தார். கறியை எலும்பிலிருந்து பிய்த்து அதில் வைத்து ஒரு கவளமாக உருட்டினார். கையை நீட்டினார். அவன் மீசை முளைத்த ஆள், சுற்றிலும் கல்யாணக் கூட்டம், ஆனாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

"நாளைக்கு நான் மேனேஜரப் பார்க்கப் போவேன்" என்றார் பாய். "உன்ன எடுக்கச் சொல்லத்தான் போறேன். கை உடைஞ்சிருக்குன்னு சொல்லுவேன். ஒப்பந்தத்துல கை வச்சா கேலரில ஒருத்தன்கூட உட்கார மாட்டான்னும் சொல்லுவேன்."

ஸைஃப் பதறிப்போனான். வாயில் சோறு இருக்கும்போதே பேசினான். "வேணாம் மாமா. அப்ப யாரு ஓடுவா?"

"யாரும் ஓட வேணாம். எல்லாரும் கோல் கோட்டுலயே நிக்கட்டும். பந்து உள்ள போகட்டும்."

"தோத்துடுவோம் மாமா."

மழையில் நனைந்து, கடையை மூடி, தொண்டை கிழியக் கத்தி, ஒரே ஒரு வெற்றிக்காகக் காத்துக்கிடந்த மனிதர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

"தோத்துட்டுப் போவோம் லா" என்றார். "வாயத் திற."